ஜப்பானியக் கோய்ப் பண்ணைகளுக்கு நேரில் சென்று மீன் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீகாதா மாநிலத்தின் மலைப்பண்ணைகளுக்கு முதன்முறை சென்று திரும்பிய நாள் முதல், கோய் வளர்க்கும் நண்பர்களும் வளர்க்க எண்ணுகிறவர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விடுபட்டுப் போவதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட சொற்களிலேயே விட்டுவிட்டேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன.

கோய் என்பது கோல்டுஃபிஷ் பெரிதாக வளர்ந்ததுதானே?

இல்லை, இரண்டும் வெவ்வேறு இனங்கள். கோய் என்பது நம் ஊர்ப் பண்ணைக் குளங்களில் விடப்படும் சாதாக் கெண்டையின் வழிவந்த மீன். அதன் வாயோரத்தில் இரண்டு இணை மீசைகள் உண்டு. கோல்டுஃபிஷ்ஷுக்கு மீசையே கிடையாது. நன்றாக வளர்ந்த பெண் கோய் 60 முதல் 80 செ.மீ. வரை எட்டும், 90 செ.மீட்டரைத் தாண்டுவனவும் உண்டு. ஆகவே இது கண்ணாடித் தொட்டிக்கான மீன் அன்று, குளத்துக்கான மீன்.

ஜப்பானில் இதை நிஷிகிகோய் என்கிறார்கள். நிஷிகி என்றால் சரிகை நெய்த பட்டு, கோய் என்றால் கெண்டை. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன், பனி மூடி வெளியுலகத் தொடர்பு அற்றுப்போகும் குளிர்கால மாதங்களுக்கு உணவாக இருக்கட்டும் என்று நீகாதாவின் மலைக்கிராமத்து உழவர்கள் வயல்களுக்கு மேலிருந்த குளங்களில் கெண்டை வளர்த்தார்கள். அவற்றுள் எப்போதாவது நிறம் மாறிப் பிறந்தவற்றை உண்ணாமல் தனியே வைத்துப் பெருக்கியதுதான் தொடக்கம். 1914இல் டோக்கியோவில் நடந்த பெருங்கண்காட்சியில் இந்த மீன்கள் வைக்கப்பட்ட பிறகே பிற பகுதியினர் இவற்றை அறிந்தார்கள்.

எங்கள் ஊர்க் கடையிலேயே கோய் கிடைக்கும்போது ஜப்பான் வரை எதற்காகப் போக வேண்டும்?

குளத்தில் நிறம் நிறமாக மீன்கள் நீந்தினால் போதும் என்பவருக்குப் போக வேண்டிய தேவை இல்லை. சென்னை கொளத்தூரில் வாங்கிய மீனைப் பத்தாண்டுகளுக்கு மேல் நலமாக வளர்ப்பவர்களை நான் அறிவேன், அந்த மகிழ்ச்சியில் குறை எதுவும் இல்லை.

வேறுபாடு நிறத்தில் இல்லை, கழிப்பில் இருக்கிறது. ஒரு தாய்மீன் ஒரே ஈட்டில் சில லட்சம் முட்டைகள் இடும். குஞ்சுகள் பொரித்த சில வாரங்களிலிருந்து இலையுதிர்காலம் வரை வளர்ப்பவர் மூன்று நான்கு முறை அவற்றை எடுத்துப் பார்த்துக் கழித்துக்கொண்டே வருகிறார். இதற்கு சென்பெத்சு என்று பெயர். கறுப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றும் கலந்த ஷோவா வகையில் பொரித்த சில நாட்களுக்குள்ளேயே கறுத்த குஞ்சுகளை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுவார்கள். கடைசியில் எஞ்சுவது நூற்றில் ஒன்றோ அதற்கும் குறைவோதான். இப்படிப் பல தலைமுறைகளாகக் கழித்துக் கழித்து நிலைபெற்ற வம்சத்தின் மீன் நான்கு, ஐந்து வயதிலும் மெருகேறிக்கொண்டே போகும். நேரில் செல்வதன் பயன், அந்த வம்சத்தின் தாய்மீனையும் உடன்பிறந்தவற்றையும் ஒருசேரப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிவதே.

எந்த ஊருக்குப் போக வேண்டும்? பண்ணைகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றனவா?

பெரும்பாலானவை நீகாதா மாநிலத்தில், நாகாவோகா நகரின் பகுதியாக 2005இல் இணைக்கப்பட்ட யமகோஷியிலும் அதை அடுத்த ஓஜியாவிலும் இருக்கின்றன. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்களும் அவற்றுக்கு இடையே களிமண் குளங்களுமாக இருக்கும் நிலம் அது. முதன்முறை செல்பவர் இங்கேயே தொடங்கலாம், ஏனெனில் ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே பத்து இருபது நிமிடத் தொலைவுதான். சிறு குடும்பங்கள் நடத்தும் பண்ணைகள் அதிகம். ஒருவர் வெள்ளையும் சிவப்புமான கோஹாகு வகையை மட்டும் செய்வார், இன்னொருவர் ஷோவாவில் பெயர் பெற்றவராக இருப்பார்.

ஹிரோஷிமா, ஒகாயாமா, ஃபுகுவோகா ஆகிய தென்மேற்கு மாநிலங்களிலும் பெரும் பண்ணைகள் உள்ளன. அங்கே குளிர் குறைவு. பெரிய உடல்வாகுள்ள மீன்களுக்குப் பெயர் பெற்ற பண்ணைகள் அங்கே இருக்கின்றன. ஆனால் அவை ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால் இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஓஜியாவில் நிஷிகிகோய் நோ சாதோ என்ற காட்சியகம் உண்டு. பண்ணைகளுக்குப் போகும் முன் அங்கே அரைநாள் செலவிட்டு வகைகளைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது.

2004 நிலநடுக்கத்தில் யமகோஷி அழிந்துபோனதாகப் படித்தேன். இப்போது அங்கே பண்ணைகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. 2004 அக்டோபர் 23 அன்று 6.8 அளவில் அந்த நிலநடுக்கம் ஏற்பட்டபோது யமகோஷி மக்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மண்குளங்களிலிருந்து மீன்களைத் தூக்கும் பருவம் அது. கரைகள் உடைந்தும் மின்சாரம் நின்றும் ஏராளமான மீன்கள் இறந்தன. சாலைகள் அறுந்துபோனதால், எஞ்சிய தாய்மீன்களுள் சிலவற்றை ஹெலிகாப்டரில் வெளியே கொண்டுசென்றார்கள். நிலச்சரிவு ஆற்றை அடைத்ததால் நீரில் மூழ்கிய கொகோமோ குடியிருப்பின் வீடுகள் சில இன்றும் நினைவாக விடப்பட்டுள்ளன. பண்ணைக்குப் போகும் வழியில் அவற்றைப் பாருங்கள். இன்று நாம் வாங்கும் மீன்களுள் பலவற்றின் வம்சம் அந்த வாரத்தில் காப்பாற்றப்பட்ட தாய்மீன்கள் வழியாக வந்தது என்பதை உணர்ந்தால், விலை பேசும்போதுகூட நம் குரல் மாறிவிடும்.

எந்த மாதத்தில் போனால் நல்லது?

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை என்பதே என் முதல் விடை. கோடை முழுவதும் மண்குளத்தில் வளர்ந்த மீன்களை வலை வீசித் தூக்கும் இகே-ஆகே அப்போதுதான் நடக்கிறது. இரண்டு, மூன்று வயது மீன்களை வாங்க விரும்புகிறவருக்கு இதைவிடச் சிறந்த காலம் இல்லை. ஆனால் உலகம் முழுவதிலுமிருந்து வணிகர்கள் திரளும் நேரமும் இதுவே. தங்குமிடம் கிடைப்பது கடினம், வளர்ப்பவருக்கும் உங்களோடு நின்று பேச நேரம் இராது.

அந்த ஆண்டில் பிறந்த குஞ்சுகளை மட்டும் வாங்க நினைப்பவர் நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போகலாம். மீன்கள் அப்போது பசுமைக்குடில்களுக்குள் இருக்கும், வெளியே ஆளுயரத்துக்கும் மேல் பனி கிடக்கும். குளிரைப் பொருட்படுத்தாதவர்களுக்கு இது அமைதியான நல்ல பருவம். ஆண்டுதோறும் ஜனவரி, பிப்ரவரியை ஒட்டி டோக்கியோவில் அகில ஜப்பான் நிஷிகிகோய்ப் போட்டி நடப்பதால் அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். மே, ஜூன் முட்டையிடும் காலம். ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல மீன்கள் எல்லாம் கலங்கிய மண்குளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அந்த ஐந்து மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் உள்ளே விடுவார்களா? முகவர் கட்டாயம் வேண்டுமா?

சிலர் விடுவார்கள், பலர் விடமாட்டார்கள். விட்டாலும் நல்ல மீன் இருக்கும் தொட்டிக்கு அழைத்துச் செல்லமாட்டார்கள். இது அந்நியர் என்பதால் அன்று. பண்ணைகளின் வணிகம் பெரும்பாலும் நெடுங்கால வணிகர்கள் வழியாகவே நடக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் நேராக வந்து அதே விலைக்கு வாங்கிச் சென்றால் அந்த உறவு கெடும். நோய்ப்பரவல் குறித்த அச்சமும் உண்டு.

ஆகவே முதல் பயணத்தில் முகவர் தேவை என்றே சொல்வேன். ஜப்பானிலேயே தொட்டி வைத்து ஏற்றுமதி செய்பவராகவோ, ஆண்டுதோறும் அங்கே சென்று வாங்கும் உங்கள் நாட்டு வணிகராகவோ அவர் இருக்கலாம். பண்ணைகளில் நேரம் வாங்குவது, மொழிபெயர்ப்பது, வாங்கிய மீன்களை ஓரிடத்தில் சேர்ப்பது, சான்றிதழ் பெற்று அனுப்புவது என எல்லாம் அவர் பொறுப்பு. மீன் விலையின் மேல் அவருக்கு எத்தனை சதவீதம், வண்டிக்கும் நாளுக்கும் தனிக்கட்டணம் உண்டா என்பவற்றைப் புறப்படும் முன்பே எழுத்தில் பெற்றுவிடுங்கள். ஒருவர் அறிமுகப்படுத்திய பண்ணைக்கு மறு ஆண்டு அவரைத் தவிர்த்துவிட்டு நேரே போகாதீர்கள். அங்கே அது பெரும் மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது, பண்ணைக்காரரே அதை விரும்பமாட்டார்.

டோக்கியோவிலிருந்து அங்கே எப்படிப் போவது?

ஜோயெத்சு ஷிங்கான்சென் ரயிலில் நாகாவோகாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஓஜியாவுக்கு உள்ளூர் ரயில் உண்டு. மலைப்பண்ணைகளுக்குப் பேருந்தை நம்ப முடியாது, கார் வேண்டும். முகவர் இருந்தால் அவர் வண்டியே போதும். தாமாக ஓட்ட விரும்புகிறவர்கள் 1949 ஜெனீவா உடன்படிக்கை வடிவிலான பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கும் நம்மைப் போலச் சாலையின் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள் என்பது ஒரு வசதி. பனிக்காலத்தில் மட்டும், பனிச்சாலையில் ஓட்டிய பழக்கம் இல்லாதவர் அந்த மலை வளைவுகளில் ஓட்டக் கூடாது.

பண்ணைக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

குறித்த நேரத்துக்குப் போங்கள். தாமதமானால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சிறிய இனிப்புப் பெட்டி ஒன்றைக் கொடுப்பது அங்கே வழக்கம், நம் ஊர் இனிப்பானால் அதைப் பற்றிப் பேசவும் ஒரு வாய்ப்பாகும். வாசலில் கிருமிநாசினித் தட்டு இருந்தால் காலணியை நனைத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். ஒரே நாளில் பல பண்ணைகளுக்குப் போகிறோம் என்பதால் நம் கையும் காலணியும்தான் நோயைச் சுமக்கக்கூடும்.

தண்ணீரில் கைவிடக் கூடாது, உணவு போடக் கூடாது, வலையைத் தொடக் கூடாது. படம் எடுக்க ஒவ்வொரு பண்ணையிலும் அனுமதி கேளுங்கள். பிடித்த மீனைக் காட்டினால் வளர்ப்பவரே வலையால் அணைத்து நீலநிற வட்டத் தொட்டியில் எடுத்து வைப்பார். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் மீனுக்கு அதிர்ச்சி உண்டு, செதில் பெயரவும் கூடும். எனவே வாங்கும் எண்ணம் ஓரளவேனும் உறுதியான மீனை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அவர் வளர்த்த மீனின் குறைகளை அவர் முன்னிலையிலேயே உரக்கப் பட்டியலிடாதீர்கள்; நம் மொழி அவருக்குப் புரியாவிட்டாலும் முகம் புரியும்.

தோசாய், நிசாய் என்கிறார்களே, அவற்றுக்கு என்ன பொருள்?

தோசாய் என்பது பிறந்த ஆண்டுக்குள் இருக்கும் மீன். நிசாய் இரண்டாம் ஆண்டு மீன். சான்சாய் மூன்றாம் ஆண்டு மீன். மீனின் வெண்மையான தோல் ஷிரோஜி, சிவப்பு பெனி, கறுப்பு சுமி. சிவப்பு முடியும் பின்விளிம்பு கிவா. முன்விளிம்பில் வெள்ளைச் செதிலுக்கு அடியில் சிவப்பு மங்கலாகத் தெரிவது சாஷி. வளர்ப்பவரோடு பேச இந்த ஏழு எட்டுச் சொற்கள் போதும்.

கோஹாகு, சான்கே, ஷோவா மூன்றும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. எப்படிப் பிரித்தறிவது?

கோஹாகுவில் வெள்ளையும் சிவப்பும் மட்டுமே, கறுப்பு கிடையாது. மற்ற இரண்டிலும் மூன்று நிறங்களும் உண்டு. சான்கேயில் கறுப்பு முதுகின் மேல் சிறு தீவுகளாக இருக்கும், தலையில் இராது. ஷோவாவில் கறுப்பு தலையிலும் ஏறும், உடலைச் சுற்றி வளைத்து இறங்கும், மார்புத் துடுப்பின் அடியிலும் கரிய திட்டாக நிற்கும். சான்கேயின் முழுப்பெயர் தைஷோ சான்கே. தைஷோ (1912-1926), ஷோவா (1926-1989) என்னும் பேரரசர் காலங்களில் உருவானதால் அந்தப் பெயர்கள். இந்த மூன்றையும் சேர்த்து கோசான்கே என்பார்கள்.

தொட்டியில் நூறு மீன் நீந்துகிறது. அதில் நல்லது எது என்று எப்படித் தெரியும்?

நிறத்திட்டுகள் அமைந்திருக்கும் கோலத்தை முதலில் பார்க்காதீர்கள். புதியவர்கள் எல்லோரும் அங்கேதான் தவறுகிறோம். உடல்வாகே முதன்மை: மேலிருந்து பார்த்தால் தோள் அகன்று, வால் தொடங்கும் இடம் வரை தடிப்புக் குறையாமல், முதுகெலும்பு நேராக இருக்க வேண்டும். மார்புத் துடுப்புகள் பெரிதாகவும் இணையாகவும் இருக்கட்டும். நீந்தும்போது ஒருபக்கம் சாய்வதோ, கூட்டத்தை விட்டு மூலையில் நிற்பதோ கூடாது. வாய் கோணலா, செவுள்மூடி குழிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் பக்கவாட்டிலும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது தோல். ஷிரோஜி பால்போல் வெளுத்து ஈரப் பளபளப்போடு இருக்க வேண்டும். சாம்பல் படிந்ததுபோன்ற வெள்ளை பின்னாளில் தெளிவது அரிது. பிறகு பெனி: அடர்த்தியைவிடச் சீர்மை முக்கியம். தலை முதல் வால் வரை ஒரே நிறமாக, செதில்களுக்கு இடையே வெளுத்த இடைவெளி தெரியாமல் இருக்க வேண்டும். இளம் மீனில் சிறிது ஆரஞ்சு கலந்த சிவப்பு நல்லதே. பின்விளிம்பான கிவா கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் மகிழலாம். முன்விளிம்பில் சாஷி மங்கலாகத் தெரிந்தால் குறையென்று எண்ண வேண்டாம், அந்த மீனுக்கு இன்னும் வளர்ச்சி பாக்கி இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சிவப்பின் மேல் மிளகுத்தூள்போல் விழும் ஷிமி என்னும் புள்ளிகள் மட்டும் பெரும்பாலும் போகமாட்டா.

கோலம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. பசுமைக்குடிலுக்குள் வெளிச்சம் ஏமாற்றும் என்பதால், நேர்வெயில் படாத திறந்த நிழலில் தொட்டியை வைக்கச் சொல்லிப் பாருங்கள். மண்குளத்திலிருந்து அன்றுதான் தூக்கிய மீன் களைத்தும் நிறம் அடங்கியும் இருக்கும். சில நாள் தெளிந்த நீரில் நின்ற பிறகு பார்த்தால்தான் நியாயமாக மதிப்பிட முடியும்.

ஆண் மீனா பெண் மீனா, எதை வாங்கலாம்?

பெரிதாக வளர்ந்து பல ஆண்டுகள் மெருகேற வேண்டும் என்றால் பெண். ஆண் மீன் இளமையிலேயே நிறம் நிறைந்து அழகாக நிற்கும். உடல் பெண்ணளவுக்குப் பெருகாது, விலையும் குறைவு. என் முதல் பயணத்தில் வளர்ப்பவர் காட்டிய வெளிறிய இரண்டு வயதுப் பெண் கோஹாகுவை விட்டுவிட்டு, அதே வயதில் தீப்போல் சிவந்திருந்த ஆண் ஒன்றை நானே பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தேன். நான்காம் வயதில் அதன் சிவப்பு ஆங்காங்கே வெளுத்து இடைவெளி விட்டது. அவர் எனக்குச் சொன்னது சரி, கேட்காதது என் தவறு.

ததேகோய் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். அதை நம்பலாமா?

இப்போது இருப்பதைவிட மேலும் சிறப்பாக உருவாகும் என்று வளர்ப்பவர் கணித்து நிறுத்திக்கொள்ளும் மீன்தான் ததேகோய். அது இன்றைக்கு அழகாக இருக்க வேண்டியதில்லை. முந்தைய விடையில் சொன்ன வெளிறிய பெண் மீன் அப்படிப்பட்டது. அந்தத் தாய்மீனின் குஞ்சுகள் மூன்றாம் ஆண்டில் எப்படி மாறின, சுமி எந்த வயதில் மேலே வந்தது என்பதை இருபது முப்பது ஆண்டுகளாகக் கண்டவர் சொல்லும் கணிப்பு அது. கணிப்பு என்பதால் பொய்த்தும் போகலாம், அதற்கு யாரும் உறுதி தரமாட்டார்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: ஓர் ஈட்டின் முதல்தர ததேகோயை வளர்ப்பவர் விற்கமாட்டார், தாமே வளர்ப்பார். நமக்கு வருவது அடுத்த தட்டு. அதுவே மிக நல்ல மீன்தான். ஆகவே "இது ததேகோயா?" என்று கேட்பதைவிட, "இதன் தாயைப் பார்க்கலாமா? இதன் உடன்பிறந்த மூத்த ஈட்டு மீன் ஏதாவது இங்கே இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவற்றை அருகருகே பார்க்கும்போது அந்தக் கணிப்பின் அடிப்படை உங்கள் கண்ணுக்கே தெரியும். இதற்காகவே நேரில் போகிறோம் என்று இரண்டாவது விடையில் சொன்னேன்.

விலை எவ்வளவு இருக்கும்? பேரம் பேசலாமா?

சில ஆயிரம் யென்னுக்கும் தோசாய் உண்டு. பல லட்சம் யென்னுக்கும் உண்டு. செய்திகளில் வந்து எல்லோரையும் மிரள வைத்த விலை, 2018இல் ஹிரோஷிமா பண்ணை ஒன்றின் 101 செ.மீ. கோஹாகு ஏலத்தில் 20 கோடியே 30 லட்சம் யென்னுக்குப் போனது. அதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். சாதாரண வளர்ப்பவருக்கான நல்ல மீன்கள் ஒவ்வொரு பண்ணையிலும் இருக்கின்றன. ஆனால் முகவர் பங்கு, அனுப்பும் வரை மீனை அங்கே தங்கவைக்கும் கட்டணம், சான்றிதழ், பெட்டி, விமானச் சரக்கு, சுங்கம் எல்லாவற்றையும் முதலிலேயே கூட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு சிறு மீன்கள் மட்டும் வாங்கினால் மீனின் விலையை இந்தச் செலவுகள் மிஞ்சிவிடும்.

நம் ஊர்ச் சந்தைப் பேரம் அங்கே செல்லாது. முகவர் வழியாக ஒருமுறை, மெதுவாகக் கேட்கலாம். ஒரே பண்ணையில் பல மீன்கள் எடுத்தால் அவரே குறைப்பார். வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டால் அது முடிந்த பேச்சு. மாலையில் மனம் மாறியது என்று சொல்லக் கூடாது.

மீனை வாங்கி அங்கேயே விட்டுவைக்கலாமாமே?

ஆம், அதற்கு அசுகாரி என்று பெயர். இலையுதிர்காலத்தில் வாங்கிய மீனை வளர்ப்பவரிடமே ஒப்படைத்துவிட்டால், அடுத்த கோடையில் அவர் அதை மண்குளத்தில் விட்டு, அதற்கடுத்த இகே-ஆகேயில் தூக்கித் தருவார். சில மாத மண்குள வாழ்க்கை மீனின் உடலுக்கும் தோலுக்கும் தருவதை நம் சிமென்ட் குளம் தராது. ஜப்பானியப் போட்டியில் தம் மீன் கலந்துகொள்ள வேண்டும் என்று விரும்பும் வெளிநாட்டவரும் இந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

ஆனால் இடர் பெரும்பாலும் வாங்கியவருக்கே உரியது. கொக்கு கொத்தலாம், இடிமழை இரவில் குளத்தில் ஆக்சிஜன் குறையலாம். நான் விட்டுவைத்த ஒரு சான்கே அப்படி ஒரு கோடையில் போய்விட்டது. கட்டணம் எவ்வளவு, இறந்தால் என்ன செய்வது, எந்த மாதம் வரை என்ற மூன்றையும் மீனின் படத்தோடு சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இழந்தால் உங்களைப் பெரிதாகப் பாதிக்கும் தொகைக்கு அசுகாரி செய்யாதீர்கள்.

வரும்போது பெட்டியில் போட்டுக் கையோடு எடுத்து வந்துவிடலாமா?

கூடாது. உயிருள்ள மீன் சரக்காக, உரிய தாள்களோடு மட்டுமே வர முடியும். இந்தியாவுக்குள் கொண்டுவர மத்திய அரசின் மீன்வளத் துறையிடம் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி பெற்றிருக்க வேண்டும். ஜப்பான் அரசின் நலச்சான்று உடன் வர வேண்டும். வந்த மீனைத் தனிமைப்படுத்தி வைக்க ஏற்ற இடம் இருக்க வேண்டும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எங்கும் முன் அனுமதி என்ற அடிப்படை ஒன்றே. தனிமனிதர் இவற்றைத் தாமே செய்வதைவிட, உரிமம் உள்ள இறக்குமதியாளரின் சரக்கோடு சேர்த்துக் கொண்டுவருவதே நடைமுறையில் எளிது. பயணச்சீட்டு எடுக்கும் முன் அவரிடம் பேசிவிடுங்கள். மீன் வாங்கிய பிறகு வழி தேடினால் மாதக்கணக்கில் தங்கவைப்புக் கட்டணம் ஏறும்.

அனுப்புவதற்குச் சில நாட்களுக்கு முன்பே உணவை நிறுத்திவிடுவார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் பையின் நீர் கெடாது. இரண்டு மூன்று பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, சிறிது நீரும் நிறைய ஆக்சிஜனும் நிரப்பிக் கட்டுவார்கள். பெரிய மீனுக்குப் பெட்டி ஒன்றுக்கு ஒரு மீன்.

கே.எச்.வி. நோய் என்று பயமுறுத்துகிறார்களே, சான்றிதழ் இருந்தால் போதாதா?

கோய் ஹெர்பிஸ் வைரஸ் கெண்டை இனத்தை மட்டும் தாக்கிச் செவுளை அழுகச் செய்து, குளத்தையே சில நாட்களில் காலி செய்துவிடும் நோய். மனிதருக்குத் தொற்றாது. 2003இல் ஜப்பானின் கசுமிகவுரா ஏரியில் உணவுக்காக வளர்த்த கெண்டைகள் ஆயிரம் டன்னுக்கு மேல் இதனால் இறந்தன. அதன்பின் பண்ணைகள் சோதனையைக் கடுமையாக்கின. ஏற்றுமதிப் பண்ணைகள் முறையாகப் பரிசோதிக்கப்படுகின்றன.

இருந்தும் சான்றிதழ் ஒரு நாளின் நிலையைச் சொல்வது. தப்பிப் பிழைத்த மீன் நலமாகத் தோன்றியபடியே வைரஸைச் சுமக்கலாம். குளிர்ந்த நீரில் நோய் வெளிப்படாமல் அடங்கியிருக்கும், ஏறக்குறைய 16 முதல் 28 டிகிரி வரையில்தான் தலைதூக்கும். அதனால்தான் புது மீனை 23, 24 டிகிரி நீரில் தனித்தொட்டியில் மூன்று நான்கு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். தனித்தொட்டிக்குத் தனி வலை, தனி வாளி. இதற்கு விதிவிலக்கே வேண்டாம்.

பெட்டி வந்து சேர்ந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பையைத் திறக்காமல் தனித்தொட்டியின் மேல் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். திறந்த பிறகு தாமதம் கூடாது. பைக்குள் கரியமில வாயு தேங்கி நீர் அமிலத்தன்மையோடு இருக்கும், அந்த நிலையில் அம்மோனியாவின் நஞ்சு அடங்கியிருக்கும். பை திறந்து வாயு வெளியேறியதும் அது விழித்துக்கொள்ளும். எனவே தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கும் வழக்கம் இங்கே தீங்கு செய்யும். மீனை மட்டும் எடுத்து உடனே தொட்டியில் விட்டு, பைநீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்கு உணவு வேண்டாம், மேலே வலை மூடி அவசியம், ஏனெனில் புது இடத்தில் கோய் துள்ளும்.

பனி பெய்யும் ஊர் மீன் எங்கள் வெயிலில் பிழைக்குமா?

பிழைக்கும், ஆனால் திடீரென்று அன்று. நவம்பரில் 12 டிகிரி நீரில் நின்ற மீனை 30 டிகிரிக் குளத்தில் விட்டால் தாங்காது. முகவரின் தொட்டியில் படிப்படியாக நீரைச் சூடேற்றிய பிறகு அனுப்பச் சொல்லுங்கள். குளம் குறைந்தது ஒன்றரை மீட்டர் ஆழமும், பாதிக்கு மேல் நிழலும், இரவிலும் நிற்காத காற்றூட்டமும் கொண்டிருக்க வேண்டும். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், மீனுக்கோ அப்போதுதான் கூடுதலாகத் தேவை.

நிறத்திலும் மாற்றம் வரும். நீகாதாவின் நீர் பனியுருகிய மென்னீர். நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். கடினநீரில் சுமி விரைவாகக் கறுத்து மேலே வருவதும், நீண்ட வெப்பத்தில் பெனி மெலிவதும் வெப்பநாடுகளில் வளர்ப்பவர்கள் பலரும் கண்டவை. எனவே வெப்பமான ஊர்க்காரர் சுமி ஏற்கெனவே நிறைந்த ஷோவாவைவிட, சுமி தோலுக்கு அடியில் நீலமாக மறைந்திருக்கும் ஒன்றையும், தடித்த பெனி உள்ள கோஹாகுவையும் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் குளத்து நீரின் கடினத்தன்மையையும் கோடை வெப்பத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போய் வளர்ப்பவரிடம் காட்டுங்கள். அதற்கேற்ற மீனை அவரே எடுத்துத் தருவார். இத்தனை ஆண்டுகளில் எனக்கு அமைந்த மிகச் சிறந்த மீன் அப்படித்தான் வந்தது.

ஒரு மீனும் வாங்காமல் திரும்பினால் தவறாக நினைப்பார்களா?

முகவரிடம் முன்பே "இம்முறை பார்க்கத்தான் வருகிறேன், பிடித்தால் ஒன்றிரண்டு எடுப்பேன்" என்று சொல்லியிருந்தால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஒவ்வொரு பண்ணையிலும் ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்று கூச்சப்பட்டு வாங்குவதுதான் தவறு. முதல் பயணத்தில் மூன்று மீனுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றை ஓராண்டு வளர்த்துப் படம் எடுத்து, மறு ஆண்டு போகும்போது அந்தப் படங்களை வளர்ப்பவரிடம் காட்டுங்கள். தம் மீன் தொலைதூர நாட்டில் எப்படி வளர்ந்தது என்று பார்க்கும் ஆவல் அவர்களுக்கு மிக அதிகம். சென்ற முறை நான் காட்டிய படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, முதல் பயணத்தில் என்னை வாசலோடு அனுப்பியிருந்த முதியவர் ஒருவர், உள்தொட்டியின் மூடியைத் தாமே திறந்து தம் தாய்மீன்களைக் காட்டினார்.